சைக்கிள் லைட்டைக் கொஞ்சம் இறக்குங்க

ஞாயிறு விடியலில் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வரை சைக்கிள் ரைடுக்கு வருகிறவர்கள் கிளம்பும் முன் லைட்டைப் பார்த்துவிடுங்கள். நம்மில் பலரிடம் இருப்பது டார்ச் மாதிரி வட்டமாக அடிக்கும் 1000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) லைட், அது ரோட்டில் விழுகிற அளவுக்கு எதிரே வருகிறவர் கண்ணிலும் விழுகிறது. புளியரை வளைவில் லோடு லாரிக்காரர் கண் கூசி ஒரு நொடி தடுமாறினால் அடிபடப்போவது நாம்தான்.

சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்தி லைட்டைப் போடுங்கள். வெளிச்சத்தின் நடுப்பகுதி, லைட் இருக்கும் உயரத்தில் பாதிக்கு விழ வேண்டும், அப்படி வைத்தால் ரோட்டில் 10 மீட்டர் வாக்கில் தரையைத் தொடும். ஏற்றத்துக்கு 200, 300 லூமென் தாராளம். ஃபுல் பவர் இறக்கத்துக்கு மட்டும், அதுவும் எதிரே வண்டி தெரிந்ததும் குறைத்துவிடுங்கள். சாரலும் மூடுபனியும் இருந்தால் இறக்கத்திலும் ஃபுல் பவர் வேண்டாம், பனியில் பட்டு நம் முகத்துக்கே திரும்பி வரும்.

இருட்டில் முன் லைட்டை பிளிங்க்கில் விடாதீர்கள், எவ்வளவு தூரத்தில் வருகிறோம் என்று எதிரில் இருப்பவருக்குப் பிடிபடாது. பின் சிவப்பு லைட்டும் நிலையாகவே எரியட்டும், வரிசையில் பின்னால் வருகிறவர் பாவம்.

அப்புறம், ஹெல்மெட்டில் லைட் மாட்டுகிறவர்கள் யாரைத் திரும்பிப் பார்த்தாலும் அவர் கண்ணில்தான் அடிக்கும். இந்த ரைடுக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.