குழந்தைகள் வார்டில் வலியைத் தணிக்கும் பணியில் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளக் கோரும் மனு

அனுப்புநர்:
சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் பெற்றோர்,
தாராவி, மும்பை 400017.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
பொதுச் சுகாதாரத் துறை,
மகாராஷ்டிர அரசு, மும்பை.

பொருள்: கட்டு மாற்றும்போதும் ஊசி போடும்போதும் பெற்றோரை உடனிருக்க அனுமதிப்பது, பிள்ளையின் வலியைக் குறிப்பேட்டில் பதிவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பகுதியில் சமையலும் படிப்பும் உறக்கமும் ஒரே அறையில்தான். கொதிக்கும் ரசமோ வெந்நீரோ பிள்ளைகள் மேல் கொட்டிவிடுகிறது. புண்ணைவிடப் பிள்ளைகள் அஞ்சுவது கட்டு மாற்றும் வேளையைத்தான். அந்த வேளை பார்த்துத்தான் பெற்றோரை வெளியே போகச் சொல்கிறார்கள்.

இம்மனுவை எங்கள் எல்லோர் சார்பிலும் எழுதும் தாய் நான். என் ஆறு வயது மகளைத் தொடையில் வெந்த புண்ணோடு நகரின் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வலி கூடினால் அவள் அழமாட்டாள். பேச்சை நிறுத்திவிட்டுக் காது மடலைத் திருகிக்கொண்டே இருப்பாள். பார்ப்பவர்கள் சமர்த்துப் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இரவுப் பணிக்கு வந்த மலையாளிச் செவிலியர் ஒருவர்தான், "வீட்டில் வலித்தால் இவள் என்ன செய்வாள், அம்மா?" என்று கேட்டார். நான் சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதினார். மறுநாள், மருத்துவர் எழுதியிருந்த வலி மருந்தைக் கட்டு மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்தார். என்னைத் தலைமாட்டில் உட்காரவைத்து, "கதை சொல்லுங்கள். கை காதுக்குப் போனால் எனக்குச் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்" என்றார். சொன்னபடியே நிறுத்தினார். துணி ஒட்டியிருந்த இடத்தில் சலைன் ஊற்றி ஊறவிட்டு எடுத்தார். மகள் முனகினாள், உதறிக்கொண்டு ஓடப் பார்க்கவில்லை. முன்பு இதே கட்டை அவளைப் பலர் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மாற்றினார்கள்.

ஒரு செவிலியரின் நல்ல மனத்தால் கிடைத்தது இது. அவர் பணி முடிந்து வீட்டுக்குப் போனதும் நின்றுவிடுகிறது. இதை எல்லா மருத்துவமனைகளுக்கும் விதியாக்க வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டு.

பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பிப் போதிய மயக்க மருந்தில்லாமல் அறுவை சிகிச்சை செய்த வழக்கம் 1980கள் வரை பல நாடுகளில் இருந்தது. அதை மாற்றிய ஆய்வுகளில் முக்கியமானவை, இந்தூரில் மருத்துவம் படித்த கே.ஜே.எஸ். ஆனந்த் 1987இல் சக மருத்துவர்களுடன் வெளியிட்டவை. பேசத் தெரியாத குழந்தையின் முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறும் தன்மை ஆகியவற்றைப் பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் இடும் முறையும் 1997 முதல் இருக்கிறது. சற்று வளர்ந்த பிள்ளை, முகங்கள் வரைந்த அட்டையில் தன் வலியைத் தானே தொட்டுக் காட்டும். மராத்தி தெரியாத பிள்ளைக்கும் அது போதும். காய்ச்சலும் நாடித்துடிப்பும் எழுதும் தாளிலேயே வலியின் அளவை எழுதவும் ஓர் இடம் ஒதுக்கி, தாய் சொல்வதையும் அதில் எழுதச் செய்யுங்கள்.

ஊசிக்கு முன் தடவும் மரத்துப்போகும் களிம்பு வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். முன்கூட்டியே தடவிக் கொடுத்தால், பிள்ளை அதை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளத் தாயால் முடியும். தடுப்பூசி போடும்போது தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2015இல் பரிந்துரைத்திருக்கிறது. தொற்று பரவும் என்பது எங்களை வெளியே அனுப்பச் சொல்லும் காரணம். கை கழுவி, முகக்கவசமும் மேலங்கியும் அணிந்து ஒருவர் மட்டும் உள்ளே இருக்க அனுமதியுங்கள்.

எங்களுக்கும் சொல்லித்தர வேண்டியது நிறைய உண்டு. "அழுதால் நர்ஸ் ஊசி போட்டுவிடுவார்" என்று மிரட்டி வளர்த்த பிள்ளை செவிலியரைக் கண்டாலே நடுங்குகிறது. வலி மருந்து பழக்கமாகிவிடும் என்று அஞ்சி வேண்டாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையைச் சேர்க்கும் அன்றே செவிலியர் எங்களோடு உட்கார்ந்து பேசினால் இதெல்லாம் தீரும். ஆனால் ஒருவரே இரவு முழுவதும் வார்டைச் சுமக்கும்போது அவரால் எங்கே உட்கார முடியும்? எனவே குழந்தைகள் வார்டுகளில் செவிலியர் பணியிடங்களைக் கூட்டித் தருவதும் இக்கோரிக்கையில் அடங்கும்.

இவற்றுக்கான சுற்றறிக்கையை விரைவில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முக அட்டைகளுக்கான குறிப்புகளைத் தமிழில் எழுதித் தர எங்கள் பகுதித் தாய்மார் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தாராவிப் பெற்றோர்