சுதேசி மில்லுக்குள்ள நாடகம் போட அனுமதி கேட்டு கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், புதுச்சேரி

ஐயா வணக்கம்,

நாங்க மில்லுல வேலை பாத்த பெரியவங்களும் அவங்க வீட்டு பிள்ளைங்களும் சேர்ந்த சின்ன நாடகக் குழு. மூடிக் கிடக்குற சுதேசி மில்லுக்குள்ளயே ஜூலை 30ஐ ஒட்டி மூணு நாள் நாடகம் போட அனுமதி வேணும்.

அந்த தேதி ஏன்னு உங்களுக்கே தெரியும். 1936ல இந்த மில்லோட பேரு சவானா மில், அப்ப 8 மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டு ஸ்டிரைக் பண்ணவங்க மேல பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 பேர் செத்தாங்க, தொழிற்சங்கத் தலைவர் வ.சுப்பையா முன்னநின்னு நடத்துன அந்த போராட்டத்தாலதான் 1937ல 8 மணி நேர வேலை சட்டமாச்சு. வருஷா வருஷம் மாலை போடுறோம், போடணும், ஆனா உள்ள என்ன வேலை நடந்துச்சுன்னு இப்ப இருக்குற பசங்களுக்கு தெரியவே தெரியாது. நம்ம ஊர்ல 1898ல ஆரம்பிச்ச இன்னொரு மில்லு ஏஎப்டியும் (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) 2020ல மூடியாச்சு.

கம்பன் கலையரங்கத்துல போடலாமேன்னு கேக்குறாங்க. அங்க மேடை இருக்கு, லைட் இருக்கு, ஆனா "என் தறி இங்கதான் நின்னுச்சு"ன்னு ஒரு பெரியவரால காட்ட முடியாதே ஐயா. எங்க நாடகத்துல சேர் கிடையாது, பாக்க வர்றவங்க ஷிப்டுக்கு வர்ற மாதிரி கேட்டுல டோக்கன் வாங்கிட்டு, ஸ்பின்னிங் நடந்த இடம், தறி ஓடுன ஷெட்டுன்னு கூடவே நடந்து வருவாங்க. தறி சத்தத்துல பேச்சு கேக்காது, கைய காட்டியும் உதட்ட பாத்தும்தான் பேசிக்குவாங்களாம், அதனால ஒரு காட்சி முழுக்க வசனமே இல்லாம வச்சிருக்கோம், அத நடிக்கிறது உண்மையிலயே தறி ஓட்டுனவங்க. அவங்களுக்கு வயசாயிட்டே போகுது, அதான் இந்த வருஷமே வேணும்னு கெஞ்சி கேக்குறோம்.

கட்டடம் பழசு, பயம் நியாயம்தான். பொதுப்பணித்துறை இன்ஜினியர் பாத்து எந்த ஷெட்டு வேணாம்னு சொல்றாரோ அந்தப் பக்கமே போக மாட்டோம். ஒரு தடவைக்கு ஐம்பது பேருக்கு மேல விட மாட்டோம், இருட்டுறதுக்குள்ள முடிச்சிடுவோம், டிக்கெட் கிடையாது. எதையும் நகர்த்த மாட்டோம், ஆணி கூட அடிக்க மாட்டோம்.

நீங்க ஒரு நாள் நேர்ல வந்து பாருங்க. சாவி யார் பொறுப்புல இருக்கோ அவங்களுக்கு உத்தரவு போட்டு, ஒத்திகைக்கு முன்னாடியே திறந்து விட சொல்லணும், நாடக நாளைக்கு ஒரு தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் நிக்க ஏற்பாடு பண்ணணும். ஜூன் மாசத்துக்குள்ள பதில் கெடச்சா ஒத்திகைக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
மில் தொழிலாளர்கள், குடும்பத்தார், நாடகக் குழுவினர்