அக்செப்ட் பட்டன்

பாப்பா,

போன ஞாயிறும் போன் வரவில்லை, இந்த ஞாயிறும் வரவில்லை. வேலை அதிகம் என்று தம்பி சொன்னான். வேறு ஏதோவும் சொன்னான், அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்காதே.

பொங்கலுக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பில் காட்டினாயே, அதைத்தான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்சிடென்ட், அதாவது கோளாறு வந்தால் கையாளுகிற டூல் ஒவ்வொன்றுக்கும், தானே டூலை எடுத்து வேலை செய்கிற ஏஐ ஏஜென்ட் படிப்பதற்காக நீ எழுதுகிற விளக்கம். டூலின் பெயர், விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்பது, இவ்வளவையும் வைத்துத்தான் அது எந்த டூலை எடுப்பது என்று முடிவு செய்யும் என்றாய். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி வெளியிட்ட, ஏஐயை டூல்களோடு இணைக்கிற எம்சிபி முறையில் இப்படித்தான் எழுத வேண்டும் என்றும் சொன்னாய். 34 வருஷம் சப்ஸ்டேஷனில் லாக்புக் எழுதினவனுக்கு என் மகள் மெஷினுக்கே லாக்புக் எழுதக் கற்றுக்கொடுக்கிறாள் என்று எவ்வளவு பெருமை! பால்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு வரி எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை. 'இன்சிடென்ட்டை அக்னாலெட்ஜ் செய்யும்', அதாவது பார்த்தாயிற்று என்று பதியும், என்று மட்டும் எழுதியிருந்தாய். செய்தால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, எஸ்கலேஷன் நின்றுவிடும், அடுத்த ஆளுக்குப் போன் போகாது, அது எல்லாருக்கும் தெரியும் என்றாய். கோளாறு வந்தால் ஆளைக் கூப்பிடுகிற பேஜர்டியூட்டியை வருஷக்கணக்கில் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிரிகர்ட் (வந்தது), அக்னாலெட்ஜ்ட் (ஆள் பார்த்தாயிற்று), ரிசால்வ்ட் (சரியாயிற்று) என்ற மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஏஜென்ட்டுக்கு உன் எழுத்தைத் தவிர என்ன இருக்கிறது? 'இது கோளாறைச் சரிசெய்யாது, ஆளை எழுப்புவதைத்தான் நிறுத்தும், பார்க்க ஒரு ஆள் இருந்தால் மட்டும் செய்' என்று எழுத இன்னும் ஒரு நிமிஷம் ஆகுமா?

டிரெயினிங்கில் எங்களுக்குத் த்ரீ மைல் ஐலண்ட் கதை சொல்வார்கள். 1979 மார்ச் 28, அமெரிக்காவில் பென்சில்வேனியா. அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டது. பேனலில் இருந்த விளக்கோ, மூடச் சொல்லி சிக்னல் போனதை மட்டும்தான் காட்டியது. வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் நினைத்துக்கொண்டார்கள், உள்ளே இருந்த குளிர்நீர் அந்த வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. உன் டூல் 'சக்சஸ்' என்று திருப்பி அனுப்பினால், கேட்டது போய்ச் சேர்ந்ததா, காரியம் முடிந்ததா, இரண்டில் எது என்று எழுது.

நேரத்தையும் எழுது. உன் டூல் யுடிசி, அதாவது உலகப் பொது நேரக் கணக்கு என்றாய். நம் ராத்திரி 2 மணி அதற்கு முந்தின நாள் 20:30. நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று கேட்டால் ஏஜென்ட் எந்த ராத்திரியைத் தேடும்? எந்த சர்வீஸ் என்று காட்டுகிற சர்வீஸ் ஐடியைத் தானாக ஊகிக்காமல் முதலில் தேடி எடுக்கவேண்டும் என்றும் எழுது. அப்புறம், படிக்க மட்டும் உள்ள டூல், எதையாவது மாற்றுகிற டூல் என்று எம்சிபியில் குறிப்புப் போடலாமாம், ஆனால் அது வெறும் குறிப்புதானாமே. அபாயம் போர்டு மாட்டினால் மட்டும் போதாது பாப்பா, லைனைத் துண்டிக்கிற ஐசொலேட்டருக்குப் பூட்டும் போடணும்.

மறுபடி அக்னாலெட்ஜுக்கே வருகிறேன். எங்கள் பேனலிலும் அப்படி ஒரு பட்டன் உண்டு, அக்செப்ட் என்று பெயர். அலாரம் வந்தால் ஹூட்டர் அலறும், விளக்கு மினுக்கும். அக்செப்ட்டை அழுத்தினால் ஹூட்டர் நிற்கும், விளக்கு மினுக்காமல் நின்று எரியும். அவ்வளவுதான். கோளாறு அங்கேயேதான் இருக்கும்.

1998, தீபாவளிக்கு முந்தின வாரம், நைட் ஷிப்ட். நல்ல மழை. 3:40க்கு இரண்டாம் டிரான்ஸ்பார்மரில் புக்கோல்ஸ் அலாரம், உள்ளே கோளாறால் காஸ் சேர்ந்தால் அடிப்பது. அந்த மாதம் மட்டும் மூன்று தடவை டெர்மினல் பாக்ஸில் தண்ணீர் இறங்கி அதே அலாரம் பொய்யாக வந்திருந்தது. அழுத்தினேன். ஹூட்டர் நின்றது. ரிலேயில் காஸ் சேர்ந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்கவில்லை, ஏ.இ.க்கு (உதவிப் பொறியாளர்) போன் செய்யவில்லை, லாக்புக்கிலும் எழுதவில்லை. காலை 6 மணிக்கு 'எல்லாம் நார்மல்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். 9:10க்கு டிரான்ஸ்பார்மர் டிரிப் ஆகி நின்றது. அலாரம் எப்போது வந்தது என்று விசாரணையில் கேட்டார்கள். என் ஷிப்டில் வரவில்லை என்று சொன்னேன். நேரத்தைப் பதிவு செய்கிற கருவி அங்கே இல்லை. எரிந்துகொண்டிருந்த விளக்கை ஏன் பார்க்கவில்லை என்று என்னிடம் சார்ஜ் வாங்கியவரைத்தான் கேட்டார்கள்.

அது சைக்கிள் மாமா. அவர் ஏன் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார் என்று நீ அழுதாயே, நான் டிரான்ஸ்பர் என்று சொன்னேனே. டிரான்ஸ்பர் உண்மைதான். இன்கிரிமென்ட்டும் போனது. அவருக்கு என் மேல் சந்தேகம் இருந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மாவுக்கே இதை நேற்றுதான் சொன்னேன். உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், ராத்திரி ஏதோ நின்றுபோய்க் காலை வரை ஒருவரும் எழவில்லையாம், அன்று போன் வந்தால் எழ வேண்டிய ஆன்கால் பையனைக் கேள்வி கேட்கிறார்களாம் என்று தம்பி அரைகுறையாகச் சொன்னான். நான் கேட்கவில்லை. அந்த வரி இன்னும் அப்படியே இருந்திருந்தால், அந்தப் பையனைக் கூப்பிடுவதற்கு முன்னால், அதை எழுதியது நான்தான் என்று நீயே போய்ச் சொல்லிவிடு பாப்பா. சரி, நடந்தது வேறாக இருந்தால் அப்பாவை மன்னித்துவிடு.

வெள்ளிக்கிழமை மாமா ஊருக்குப் போகிறேன், 7:10 பஸ். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். மாமா என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது சொல்கிறேன்.

அப்பா