தகட்டில் துளையிடும் பஞ்சைப் பிடிக்கும் கருவியைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலோகத் தகடுகளில் துளையிடும் பஞ்ச்களும், அவை இறங்கும் துளையுள்ள டைகளும் எப்படிச் செய்யப்படுகின்றன என்பது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல், கருவிகள் செய்யும் பிரிவான டூல் ரூமில் பஞ்ச்களுக்குச் சாணை பிடித்து வந்தவன் நான். எங்கள் வேலைக்குப் பொது வாசகர்கள் படிக்கும் நாளிதழ் ஒன்று இவ்வளவு இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் இயந்திரங்களின் வேகத்தையும், அவற்றின் திரையில் தெரியும் தசம எண்களையும் விரிவாகச் சொன்ன அந்தக் கட்டுரை, அந்த இயந்திரத்தின் மேசைமீது பஞ்சை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. பஞ்சின் தரத்தை முதலில் தீர்மானிப்பது அந்தப் பிடிப்புக் கருவிதான் என்பதால், விடுபட்டதை எழுத விரும்புகிறேன்.

பஞ்சுக்கும் டைக்கும் இடையில் விடப்படும் இடைவெளியிலிருந்து தொடங்குவதே சரியாக இருக்கும். மென்மையான எஃகுத் தகட்டுக்கு, தகட்டின் தடிமனில் 5 முதல் 10 சதவீதம் வரை ஒவ்வொரு பக்கமும் இடைவெளி விடுவது வழக்கம். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு என்றால் அது 0.05 முதல் 0.10 மி.மீ. வரை, அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன். தகட்டின் தடிமன் 0.1 மி.மீ. மட்டுமே என்றால் இடைவெளி 5 முதல் 10 மைக்ரானாகச் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுருங்கிவிடுகிறது. அந்த நிலையில் பஞ்சின் முனை அதன் தண்டின் மையத்திலிருந்து 5 மைக்ரான் விலகியிருந்தாலே ஒரு பக்கத்தில் இடைவெளி முற்றிலும் மறைந்துபோகலாம். அளவில் குறையே இல்லாத பஞ்ச், மையத்தில் மட்டும் குறையிருப்பதால் டையின் விளிம்பில் மோதி உடைகிறது.

பஞ்சில் தண்டு என்றும் முனை என்றும் இரு பகுதிகள் உண்டு. தண்டு, பஞ்சைத் தாங்கும் தகடான பஞ்ச் பிளேட்டில் உட்கார்ந்து நிலையைத் தருகிறது. முனை, தகட்டை வெட்டுகிறது. இரண்டும் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் முழுக் கஷ்டமும். சுமார் 12 சதவீதம் குரோமியம் கலந்த டி2 போன்ற எஃகை லேத்தில் கடைந்து, சூடாக்கிக் குளிர்விக்கும் ஹார்டனிங் செய்து, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை கடினப்படுத்தும்போது அது சிறிதளவேனும் கோணிக்கொள்கிறது. அதன்பின் சாணை பிடித்துத்தான் இறுதி அளவுக்குக் கொண்டுவர முடியும். சாணை பிடிக்கும்போது பஞ்சை ஒருமுறை அவிழ்த்து மறுமுறை கட்டினால், முன்பிருந்த அச்சு அதே இடத்தில் திரும்பக் கிடைப்பதில்லை. நெடுநாள் உழைத்த மூன்று தாடை சக்கில், அதாவது மூன்று தாடைகளால் கவ்விப் பிடிக்கும் கருவியில், சுழலும்போது 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டம் இருப்பது சாதாரணம். முள் நகர்ந்து அளவு காட்டும் டயல் கேஜில் தெரியும் ஆட்டம், மைய விலகலைப் போல இரண்டு மடங்கு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முள் 0.04 மி.மீ. ஆடினால் மையம் விலகியிருப்பது 0.02 மி.மீ. மட்டுமே. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பஞ்சை ஒதுக்கியவர்களையும், கெட்ட பஞ்சை அனுப்பியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

வட்டமான பஞ்ச்களுக்கு வழி எளிது. இரு நுனிகளிலும் 60 பாகை மையக் குழியிட்டு, சென்டர்கள் எனப்படும் இரண்டு கூர்முனைத் தாங்கிகளுக்கு இடையில் நிறுத்தி, தண்டையும் முனையையும் அவிழ்க்காமல் சாணை பிடித்துவிட்டு, கடைசியில் குழியுள்ள துண்டை வெட்டி எறியலாம். ஹார்டனிங்கில் குழியில் படிந்த செதிலை நீக்கி, குழியைத் தேய்த்துச் சீராக்கிய பிறகே அதை நம்ப வேண்டும்.

அறுகோணம், சதுரம், முனை வட்டமான நீள்வடிவம் போன்ற வடிவ பஞ்ச்களுக்குத்தான் தனிக் கருவி தேவைப்படுகிறது. டூல் ரூம்களில் பஞ்ச் கிரைண்டிங் ஃபிக்சர் என்றோ பஞ்ச் ஃபார்மர் என்றோ அதைச் சொல்வார்கள். தட்டையான முகங்களைச் சாணை பிடிக்கும் சர்ஃபேஸ் கிரைண்டரின் மேக்னடிக் சக் என்ற காந்தப் பலகைமீது உட்காரும் கனமான அடிக்கட்டை, அதில் சுழலும் ஸ்பிண்டில் என்ற தண்டு, அந்த ஸ்பிண்டிலின் முகப்பில் பொருத்தப்பட்ட, V வடிவப் பள்ளமுள்ள வி-பிளாக், பின்புறம் 24 வெட்டுகளுள்ள இன்டெக்ஸ் தட்டு என்பதே அதன் அமைப்பு. பஞ்சின் தண்டை வி-பிளாக்கின் இரு சரிவுகளில் படுக்கவைத்து மேலிருந்து இறுக்கி, தண்டின் பருமனுக்கேற்ப வி-பிளாக்கின் உயரத்தைச் சரிசெய்தால், தண்டின் அச்சும் ஸ்பிண்டிலின் அச்சும் ஒன்றாகின்றன. இன்டெக்ஸ் தட்டில் ஒரு வெட்டுக்கு 15 பாகை. அறுகோணத்துக்கு நான்கு வெட்டுக்கு ஒருமுறையும், சதுரத்துக்கு ஆறு வெட்டுக்கு ஒருமுறையும், எண்கோணத்துக்கு மூன்று வெட்டுக்கு ஒருமுறையும் நிறுத்தினால் போதும். பஞ்ச் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் ஒவ்வொரு முகமும் சாணைச்சக்கரத்துக்கு நேரே வந்து நிற்கும்.

உயரக் கணக்கும் அதே அளவுக்கு நேரடியானது. ஸ்பிண்டில் மையத்தின் உயரம் அடியிலிருந்து 50 மி.மீ. என்றும், எதிரெதிர் முகங்களுக்கு இடையில் 6 மி.மீ. உள்ள அறுகோணம் வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முகமும் 53 மி.மீ. உயரத்தில் முடிய வேண்டும். 53 மி.மீ.க்கு ஸ்லிப் கேஜ் எனப்படும் துல்லிய அளவுக் கட்டைகளை அடுக்கி, டயல் கேஜால் அந்த உயரத்தைப் பஞ்சின் முகத்தோடு ஒப்பிட்டு, மீதியிருப்பதை மட்டும் எடுத்தால் ஆறு முகங்களும் அச்சிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கும். ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான்சன் 1896-இல் சிந்தித்து உருவாக்கிய அந்த ஸ்லிப் கேஜ்கள் இல்லாமல் இந்த ஃபிக்சரை முழுமையாகப் பயன்படுத்த முடியாது. 15 பாகையின் மடங்குகளில் வராத கோணங்களுக்கு, கோணத்தைத் துல்லியமாக அமைக்க உதவும் சைன் பார் துணைக்கு வருகிறது.

நீள்வடிவ பஞ்சில்தான் இந்தக் கருவியின் அருமை முழுதாகத் தெரியும். 10 மி.மீ. நீளமும் 4 மி.மீ. அகலமும் கொண்டு, இரு முனைகளும் அரைவட்டமாக உள்ள பஞ்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரைவட்டத்தின் ஆரம் 2 மி.மீ.; அதன் மையம் பஞ்சின் நடுவிலிருந்து 3 மி.மீ. தள்ளியிருக்கிறது. நல்ல ஃபிக்சர்களில் வி-பிளாக்கை ஸ்பிண்டில் அச்சிலிருந்து நகர்த்தும் வசதி உண்டு. ஸ்லிப் கேஜ் வைத்துச் சரியாக 3 மி.மீ. நகர்த்தி, ஸ்பிண்டிலைக் கையால் 180 பாகை மெல்லத் திருப்பினால் அரைவட்டம் உருவாகிறது. திருப்பத்தின் இரு எல்லைகளிலும் நிறுத்தி மேசையை ஓட்டினால், வளைவு எங்கே முடிந்தது, நேர்முகம் எங்கே தொடங்கியது என்று விரல் நகத்தால் தடவினாலும் தெரியாதபடி இரண்டும் கலந்துவிடுகின்றன. பிறகு மறுபக்கம் 3 மி.மீ. நகர்த்தி அடுத்த முனை. இதற்கிடையில் பஞ்சின் தண்டு தன் இருக்கையை விட்டு அசையவே இல்லை. முதல் முறை இதைச் செய்து முடித்த நாளில் எனக்கிருந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

அதற்கு முன் நான் கற்றது கசப்பான வழியில்தான். வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில், நான் இருந்த தொழிற்சாலையில் ஓர் அறுகோண பஞ்ச் வரிசையை ஃபிக்சர் இல்லாமல், பிரிசிஷன் வைஸ் என்ற துல்லிய இடுக்கியில் ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பிக் கட்டிச் சாணை பிடிக்கச் சொன்னார்கள். ஃபிக்சர் வாங்கும் செலவு வீண் என்பது அவர்கள் எண்ணம். மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு பஞ்சும் அளவுக்குச் சரியாக இருந்தது. பிரஸ் இயந்திரத்தில் பொருத்தி ஓட்டியதும், துளையின் ஒரு பக்கம் பளபளப்பான பட்டை அகலமாகவும், எதிர்ப்பக்கம் பிசிறு உயரமாகவும் வந்தன. இடைவெளி ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்துவிட்டதன் அடையாளம் அது. அதை அறியாத நான் அளவை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்ச்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனை உடைந்து திரும்பி வந்தன. மூத்த தொழிலாளி ஒருவர்தான் உடைந்த பஞ்சை வி-பிளாக்கில் வைத்து டயலைத் தொடவிட்டு, எதிரெதிர் முகங்கள் அச்சிலிருந்து வெவ்வேறு உயரத்தில் நிற்பதைக் காட்டினார். இரண்டு முகங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை மைக்ரோமீட்டர் சொல்லும். அந்த இரண்டும் எங்கே இருக்கின்றன என்பதை அது சொல்லாது.

வி-பிளாக்கையும் கண்மூடி நம்பக் கூடாது. தண்டு உண்மையான வட்டமாக இருந்தால்தான் அது சொல்வது உண்மை. சென்டர்களில் நிறுத்தாமல் உருட்டியபடியே சாணை பிடிக்கும் சென்டர்லெஸ் கிரைண்டரில் வரும் தண்டுகள் சில நேரம் மும்முனை வட்டமாக அமைந்துவிடும். எங்கே அளந்தாலும் மைக்ரோமீட்டரில் ஒரே விட்டம் காட்டும் அந்தத் தண்டை வேறு நிலையில் திருப்பிக் கட்டினால், அதன் மையம் இடம் மாறிவிடும்.

மெல்லிய பஞ்ச்களில் இன்னொரு பகை காத்திருக்கிறது. பிடிப்புக்கு வெளியே நீண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகிறது. விட்டம் பாதியானால் வளைவு பதினாறு மடங்கு. ஆகவே 2 மி.மீ. பஞ்சை 40 மி.மீ. நீட்டிப் பிடித்துவிட்டு இயந்திரத்தின் துல்லியத்தைப் பேசுவதில் பயனில்லை. எவ்வளவு குறைவாக நீட்ட முடியுமோ அவ்வளவு குறைவாக நீட்டி, அடியில் ஒரு தாங்கி கொடுத்து, ஒரு தடவைக்கு 5 மைக்ரானுக்கு மேல் எடுக்காமல், கடைசியில் சக்கரத்தை இறக்காமலேயே தீப்பொறி பறப்பது நிற்கும்வரை சில தடவைகள் ஓட்ட வேண்டும்.

வெப்பமும் பிடிப்பைச் சார்ந்தே வருகிறது. 100 மி.மீ. நீள எஃகு 10 பாகை செல்சியஸ் சூடேறினால் 11 மைக்ரானுக்கு மேல் நீள்கிறது. கூலண்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவம் முனைக்குப் போய்ச் சேராதபடி இறுக்கும் பட்டியும் திருகுகளும் மறைத்துக்கொண்டிருந்தால் அளவு தவறுவதோடு நிற்காது. முனையின் மேற்பரப்பு எரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுந்து, அந்தப் பஞ்ச் சில ஆயிரம் அடிகளிலேயே உடைந்துபோகும். வேலை முடிந்ததும் காந்தநீக்கம் செய்வதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேக்னடிக் சக்கிலிருந்து எடுத்த பஞ்சில் எஞ்சிய காந்தம், வெட்டுண்ட தகட்டுத் துண்டை முனையோடு ஒட்டவைத்து மேலே இழுத்துவந்து டையைக் கெடுத்துவிடுவதுண்டு.

மின்சாரம் பாயும் கம்பியால் உலோகத்தை வெட்டும் வயர் கட் இயந்திரம் வந்தபின் இந்தப் பழைய ஃபிக்சர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தலை முதல் முனை வரை ஒரே வடிவமுள்ள பஞ்சை வயர் கட்டில் ஒரேயடியாக வெட்டி எடுக்கலாம் என்பது உண்மை. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் தண்டு தடித்தும் முனை மெலிந்தும் படியாக அமைந்த பஞ்சுக்கு அந்த வழி எளிதில் பொருந்தாது. வயர் கட் விட்டுச்செல்லும் உருகிப் படிந்த மேல்தோலையும் பல வேலைகளில் நீக்கியே ஆக வேண்டும். எரோவா, சிஸ்டம் 3ஆர் போன்ற நிறுவனங்களின், வேலைப்பொருளைத் தாங்கி இயந்திரத்துக்கு இயந்திரம் கொண்டுசெல்லும் பேலட் அமைப்புகள் 2 மைக்ரானுக்குள் அதே இடத்துக்குத் திரும்பி உட்காருகின்றன என்றால், அவையும் தீர்த்துவைப்பது இதே சிக்கலைத்தான்: ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்துக்குப் போகும்போதும் அச்சு தொலையக் கூடாது. பெரிய தொழிற்சாலையில் பேலட் செய்வதைச் சிறிய பட்டறையில் வி-பிளாக்கும் இன்டெக்ஸ் தட்டும் செய்கின்றன.

தொழிற்பயிற்சி தருவோரிடம் என் வேண்டுகோள், மாணவரை இயந்திரத் திரையின்முன் நிறுத்துவதற்கு முன்னால், ஒரு தண்டையும் ஒரு டயல் கேஜையும் கொடுத்து, பத்து முறை அவிழ்த்துக் கட்டி, பத்து முறையும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதச் சொல்ல வேண்டும் என்பது. பட்டறை உரிமையாளர்களிடம் கேட்பது, இயந்திரம் வாங்கும் தொகையில் பிடிப்புக் கருவிக்கும் முதலிலேயே ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பதும், வாரம் ஒருமுறை சோதனைத் தண்டு வைத்து ஃபிக்சரின் ஆட்டத்தை அளந்து குறித்துவைக்க வேண்டும் என்பதும். வி-பிளாக்கின் சரிவில் ஒட்டியிருக்கும் ஒரு சாணைத் துகளே 5 மைக்ரான் விலகலுக்குப் போதும். ஒவ்வொரு பஞ்சையும் கட்டுவதற்கு முன் அந்தச் சரிவுகளைத் துடைக்க நேரம் கொடுக்காத உற்பத்திக் கணக்கு தவறான கணக்கு.

தங்களிடம் என் கோரிக்கை ஒன்றே. துல்லியமான பஞ்ச் ஒன்றைப் பற்றித் தங்கள் செய்தியாளர் இனி எழுதும்போது, இயந்திரத்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு, அந்தப் பஞ்ச் எதில் பிடிக்கப்பட்டிருந்தது, எத்தனை முறை அவிழ்த்துக் கட்டப்பட்டது என்று அங்கே வேலை செய்தவரையும் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டூல் ரூம் தொழிலாளி ஒருவர்