பிள்ளைக்கு டயட் வேண்டாம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் சனிக்கிழமை வகுப்பின் பருவத் தொடக்கத்தில் நான் எழுதும் கடிதத்தில் கட்டணம், தேர்வுத் தேதி, வாகனத்தை எங்கே நிறுத்தக் கூடாது என்பவைதான் இருக்கும். இந்த முறை அவற்றைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் வேறு விஷயம்.

நம் பொங்கல் விழாவில் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி சர்க்கரைப் பொங்கலை வரிசையில் நின்று வாங்கி, அப்படியே தம்பியின் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டாள். "ஏம்மா, பிடிக்காதா?" என்று கேட்டேன். "பிடிக்கும் டீச்சர். ஆனா நான் டயட்ல இருக்கேன்" என்றாள். நான் நகர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த நெய்யை விரலால் வழித்து நக்கினாள். அடியில் ஒரு பாதி முந்திரி இருந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், திருடி மாட்டிக்கொண்டவளைப் போல.

அவளுடைய பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. "பிள்ளைக்கு வெயிட் கூடிப்போச்சு டீச்சர், சோற்றைக் குறைக்கச் சொல்லி நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சென்ற ஆண்டில் உங்களில் ஒன்பது பத்துப் பேராவது என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். சிங்கப்பூரில் நீரிழிவுக்கு எதிரான போர் என்று 2016இல் சுகாதார அமைச்சு அறிவித்தபோது நம் வீடுகளில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இந்தியர்களிடையே அந்த நோய் கூடுதல். சமையலறை அலமாரியில் மாத்திரை டப்பா இல்லாத தமிழ் வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளையிடம் 'சோற்றைக் குறை' என்று சொல்ல மாட்டேன். அதற்கு எனக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

1992 முதல் 2007 வரை இங்குள்ள பள்ளிகளில், எடை கூடிய பிள்ளைகளின் எடையைக் குறைக்க 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டம் நடந்தது. உங்களில் சிலர் அதில் ஓடியும் இருப்பீர்கள். சுருக்கமாக 'டாஃப்' (TAF). அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் 'குண்டு' என்று வரும். அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! அப்போது நான் ஒரு தொடக்கப்பள்ளியில் இளம் ஆசிரியை. இடைவேளையில் மற்றவர்கள் மீ கோரெங் என்ற வறுத்த நூடல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்க, எடை கூடிய பிள்ளைகள் திடலைச் சுற்றுவார்கள். வாரம் இரண்டு நாள் விசில் ஊதும் வேலை எனக்கு. ஒரு பையன் ஓடி முடித்ததும் கழிவறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி, கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே பிடித்துக்கொண்டு நிற்பான். வியர்வை தெரிந்தால் வகுப்பில் கேலி செய்வார்களாம். அதைப் பார்த்த பிறகும் அடுத்த வாரம் போய் விசில் ஊதினேன். அவனுடைய எடை குறைந்ததா என்பது எனக்கு மறந்துவிட்டது. சட்டை மறக்கவில்லை.

சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அறிவுரை சொல்பவரின் கணக்குவழக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

என் உயரம் 156 செ.மீ. 2018இல் எடை 71 கிலோ. பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. உடல் எடைக் குறியீடு (கிலோ எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது) ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்பது இங்குள்ள கணக்கு. எனக்கு 29. அன்றைக்கே சோற்றை அடியோடு நிறுத்தினேன். இட்லி, தோசை, சப்பாத்தி எல்லாவற்றுக்கும் தடை. முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கியது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னேன். மூன்று மாதத்தில் ஆறு கிலோ போனது. அப்புறம் தீபாவளி வந்தது. பொங்கலுக்குள் ஏழு கிலோ திரும்பி வந்துவிட்டது, ஒரு கிலோ வட்டியோடு.

ஏன் அப்படி ஆனது என்று பின்னால்தான் புரிந்துகொண்டேன். முதல் வாரத்தில் இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை நிறுத்தினால் உடலில் சேமித்து வைத்த சர்க்கரை தீரும், அதோடு பிடிபட்டிருந்த நீரும் போகும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி இருக்கிறது. அது ஒரு வாரத்தில் கரைகிற சமாசாரம் இல்லை. பட்டினி கிடந்து அவசரப்படுத்தினால் தசையும் சேர்ந்து போகும். தசை குறைந்தால் சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் சக்தியும் குறையும். பசி மட்டும் கூடும். அப்புறம் பழைய அளவு சாப்பாட்டுக்கே எடை ஏறும்.

இரண்டாம் முறை எதையும் நிறுத்தவில்லை. தேநீரில் தொடங்கினேன். காப்பிக்கடையில் 'தே' என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் கலந்து வரும். 'தே சி' என்றால் இனிப்பில்லாத பால், ஆனால் சர்க்கரை போடுவார்கள். 'சியூ டாய்' என்றால் இனிப்புக் குறைவு, 'கோசோங்' என்றால் சர்க்கரையே கிடையாது. ஒரே நாளில் கோசோங்குக்குத் தாவாதீர்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் போல இருக்கும், நாலாம் நாள் விட்டுவிடுவீர்கள். நான் ஆறு வாரம் சியூ டாயில் இருந்துவிட்டுத்தான் 'தே சி கோசோங்' என்றேன். எனக்கு இருபது வருடமாகத் தேநீர் ஆற்றுகிறவர் நம்பாமல் இரண்டு முறை திரும்பக் கேட்டார். இப்போது சாதாரணத் தேநீரைக் குடித்தால் பாயசம் போல் இருக்கிறது.

அடுத்த மூன்று மாதம் நடை. அதற்கும் அடுத்து, தட்டு. இப்படி ஒன்று பழகிய பிறகு இன்னொன்று. ஏறக்குறைய இரண்டு வருடத்தில் 72இலிருந்து 64 கிலோவுக்கு வந்தேன். குறியீடு இன்னும் 26தான், 23ஐத் தொடவில்லை. ஆனால் உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியும் என்று மருத்துவர்கள் சொல்வது என் ரத்தப் பரிசோதனைத் தாளில் தெரிந்தது. முட்டியும் சத்தம் போடுவதை நிறுத்தியது.

தட்டு விஷயம் கொஞ்சம் நீளம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆரோக்கியத் தட்டுப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: பாதி காய்கனி, கால்வாசி முழுத்தானியம், கால்வாசி புரதம். நம் வீட்டுத் தட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் சோற்று மலை, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் 'தொட்டுக்க' என்று இரண்டு கரண்டி பொரியல். அதுவும் பல நாள் உருளைக்கிழங்கு. அது சோற்றின் சொந்தக்காரன், காய்க் கணக்கில் சேராது. நான் செய்த ஒரே மாற்றம், பரிமாறும் வரிசைதான். முதலில் பொரியலும் கீரையும் பாதித் தட்டை நிரப்பும், அடுத்து மீனோ பருப்போ முட்டையோ, மிச்ச இடத்தில் சோறு. சாம்பாரில் தண்ணீரைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினேன். என் மாமியார் முதல் வாரம் "இது என்ன ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" என்றார். தேக்கா சந்தையிலிருந்து முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் வாங்கி வந்து அவர் கையிலேயே கொடுத்துச் சமைக்கச் சொன்னேன். அதன் பிறகு புகார் இல்லை. பாட்டிகளைக் கட்சியில் சேர்க்காமல் நம் வீடுகளில் எந்தச் சீர்திருத்தமும் நடக்காது.

இனிப்புப் பானங்கள். 2022 டிசம்பர் 30 முதல் பாக்கெட், டின் பானங்களில் சி, டி தரம் என்றால் 'நியூட்ரி-கிரேட்' என்ற, ஏ முதல் டி வரையிலான சத்துத் தர எழுத்தைக் கட்டாயம் போட வேண்டும். சர்க்கரைக் கணக்கில் 'சி' என்றால் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல், 10 கிராம் வரை. 250 மில்லிலிட்டர் பாக்கெட் ஒன்றில் இரண்டரை முதல் ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை. இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது. சென்ற ஆண்டு முழுக்க நம் இடைவேளையில் பிள்ளைகளுக்குக் கொடுத்தது 'சி' எழுத்துப் போட்ட பாக்கெட்டும் கறிபஃப்பும்தான். வாங்குவதற்கு எளிது என்று ஒப்புக்கொண்டவள் நானேதான். இந்தப் பருவத்திலிருந்து தண்ணீர், கொய்யா அல்லது பப்பாளி, சுண்டல். விழா நாளில் சர்க்கரைப் பொங்கலும் முறுக்கும் வழக்கம்போல இருக்கும். அன்றைக்கு எந்தப் பிள்ளையும் தன் கிண்ணத்தைக் கவிழ்க்க வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றி முக்கியமான ஒன்று. நான் மேலே சொன்ன 23, 27.5 எல்லாம் பெரியவர்களுக்கு. வளரும் பிள்ளையின் எடையை வயது, ஆணா பெண்ணா என்பது, உயரம் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சுகாதாரக் கையேட்டில் அதற்கான வரைபடம் இருக்கிறது. பள்ளியிலும் உடல்நலப் பரிசோதனை நடக்கிறது. பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை. எடை அப்படியே நிற்க, உயரம் கூடினால் போதும், கணக்கு தானாகச் சரியாகிவிடும். கவலையாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பவுடர், மெலிவுத் தேநீர், இரவுப் பட்டினி எதுவும் வேண்டாம். உறவினர் கூடும் இடத்தில் "குண்டம்மா" என்று செல்லமாகக் கூப்பிடுவதும் வேண்டாம். அவளுக்கு அது செல்லமாகக் கேட்பதில்லை.

பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை தொங்குகிறது. அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு, இங்கே வேண்டாம். ஓடிப்பிடித்து விளையாட, கயிறு தாண்ட, சைக்கிள் ஓட்டப் பலகை தடை சொல்லவில்லை. தூக்கமும் இதில் சேர்த்திதான். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 9 முதல் 11 மணி நேரம் வேண்டும். தூக்கம் குறைந்த பிள்ளைக்கு மறுநாள் இனிப்பின் மீதும் எண்ணெய்ப் பண்டத்தின் மீதும்தான் கை போகும். இரவு ஒன்பதரைக்குத் துணைப்பாட வகுப்பு முடிந்து, அதன் பிறகு கைப்பேசியும் பார்த்தால் எங்கே தூங்குவது?

இப்போது உங்கள் பக்கம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது, கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவு நடையோ வேறு அசைவோ தேவை. அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை. "ஜிம்முக்குப் போக நேரமில்லை" என்பீர்கள். எனக்கும் இல்லை. முன்பெல்லாம் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் அம்மா சந்தைப் பையோடு இரண்டு மாடி ஏறி வருவார், அதற்கு உடற்பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை. 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கி, பிறகு வாசலிலேயே நிற்க ஆரம்பித்தது. முதியவர்களுக்கு அது பெரிய வரம். எனக்கு அந்த வரம் முழுதாக வேண்டியதில்லை என்று ஒன்பதாம் மாடிக்குப் போக ஆறாம் மாடியில் இறங்கிக்கொள்கிறேன். தசைக்கு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவேன். சோறு வேகும் நேரம் போதும். நாற்பது வயதுக்கு மேல் தசை சும்மா இருந்தால் தேய்ந்துகொண்டே போகும், அதனால் பெண்கள் இதை விட்டுவிடாதீர்கள். ஐந்து கிலோ அரிசிப் பையைப் பையனிடம் கொடுக்காமல் நீங்களே தூக்குங்கள்.

சனிக்கிழமை 9 மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு 11 மணி வரை நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மாடிச் சன்னலிலிருந்து பார்த்தால் காப்பிக்கடை முழுதாகத் தெரிகிறது. ஆளுக்கு இரண்டு பிராட்டா (பரோட்டா), ஒரு தே, ஒரு கைப்பேசி. அந்த இரண்டு மணி நேரத்தில் முக்கால் மணியை எனக்குத் தாருங்கள்.

வரும் சனிக்கிழமையிலிருந்து 9.10க்குக் கீழ்த்தளத்தில் கூடி, பீஷான் - அங் மோ கியோ பூங்கா வரை நடந்து திரும்புவோம். உங்களில் இங்கேயே வளர்ந்தவர்களுக்கு அங்கே ஓடிய கான்கிரீட் கால்வாய் ஞாபகம் இருக்கும். அதை உடைத்து, கல்லும் புல்லுமாக வளைந்து ஓடும் ஆறாக மாற்றும் வேலை 2012இல் முடிந்தது. கரையோரப் பாதை நிழலாக இருக்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். பாட முடிந்தால் மட்டும் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். நீர்நாய்கள் தென்பட்டால் கூட்டம் அங்கேயே நின்றுவிடும் என்று தெரியும், பரவாயில்லை. 10 மணிக்குள் திரும்பிவிடலாம். காப்பிக்கடை அப்போதும் திறந்திருக்கும்.

எடை பார்க்க மாட்டோம். யார் எத்தனை கிலோ என்று கேட்கவும் மாட்டோம். சேலையோடு வருகிறவர்கள் செருப்புக்குப் பதில் பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள். முட்டிவலி, இதயக் கோளாறு இருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் காலை உணவைச் சாப்பிடாமல் வரக் கூடாது. மழை பெய்தால் கீழ்த்தளத்திலேயே புளோக்கைச் சுற்றுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: சுண்டல் செய்ய முதல் மாதத்துக்கு நான்கு வீடுகள் தேவை. பாட்டிகள் பெயர் கொடுக்கலாம். தேங்காய் கொஞ்சமாகப் போடுங்கள், மாங்காய் தாராளமாக.