மண்டாய் சேற்றுப்பரப்புக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரில் சட்டப்படி இயற்கை வனப்பகுதி என்ற தகுதி நான்கு இடங்களுக்குத்தான் உண்டு: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதி, சுங்கை பூலோ, லேப்ரடார். பூங்காக்கள், மரங்கள் தொடர்பான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இந்த நான்கும் இருக்கின்றன. அங்கே அனுமதியின்றி மரத்தை வெட்டினாலோ விலங்கைப் பிடித்தாலோ 50,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். மற்றப் பசுமை எல்லாம் இந்தத் தகுதிக்கு வெளியேதான். புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா சதுப்புநிலம்கூட அப்படித்தான். அங்கே கடலைத் தூர்க்கும் திட்டத்தை 2001 டிசம்பரில் அரசாங்கம் தள்ளிவைத்தது. நல்ல முடிவு. ஆனால் தள்ளிவைப்பு என்பது தள்ளிவைப்புதானே, ரத்து இல்லையே.

நான் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் சுங்கை பூலோவுக்குப் போவது என் வழக்கம். அங்கே உள்ள மறைவிடத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று புரியும். கடலில் தண்ணீர் ஏறும் நேரத்தில் பறவைகள் கூட்டமாகக் குளங்களில் வந்து இறங்குகின்றன. வளைந்த நீண்ட அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி தூங்குகின்றன. தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஒன்று கிளம்பும், பின்னாலேயே பத்து கிளம்பும். எங்கே போகின்றன? பலவும் பக்கத்தில் இருக்கும் மண்டாய் சேற்றுப்பரப்புக்கு. அந்தச் சேற்றில்தான் புழுவும் நண்டும் சிப்பியும் கிடைக்கின்றன. சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பறக்கிற உயிருக்கு நடுவழியில் வயிறு நிறைய வேண்டாமா?

ஆக, தூங்கும் இடம் சுங்கை பூலோ, சாப்பிடும் இடம் மண்டாய். தூங்கும் இடத்துக்கு 2002 முதல் வனப்பகுதித் தகுதி உண்டு. சாப்பிடும் இடத்தை ஓர் இயற்கைப் பூங்காவாக்குவோம் என்று 2018இல் அறிவித்தார்கள். ஏறக்குறைய 73 ஹெக்டர். அப்புறம் 2020இல், சுங்கை பூலோவைச் சுற்றி 400 ஹெக்டர் இயற்கைப் பூங்கா வலையமைப்பு என்ற திட்டமும் வந்தது. இரண்டையும் வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் இயற்கைப் பூங்கா வேறு, அட்டவணையில் ஏறிய வனப்பகுதி வேறு. பறவைக்கு இரண்டும் ஒரே வாழிடம். நடுவில் கோடு போட்டது நாம்தான்.

அட்டவணையில் ஏறிவிட்டால் எல்லாம் பத்திரம் என்று சொல்லவரவில்லை. 1951இல் இயற்கை வனப்பகுதிகளுக்கான சட்டம் வந்தபோது புக்கிட் தீமா, நீர்ப்பிடிப்புப் பகுதி, லேப்ரடார் ஆகியவற்றோடு பாண்டானும் கிராஞ்சியும் அதில் இருந்தன. அந்த இரண்டு சதுப்புநிலங்களும் இன்று பட்டியலில் இல்லை. லேப்ரடார் இடையில் வெறும் பூங்காவாக இறக்கப்பட்டு, 2002இல்தான் பழைய தகுதியைத் திரும்பப் பெற்றது. அந்தக் காலத்தில் தொழிற்பேட்டையும் நீர்த்தேக்கமும் நாட்டுக்கு உயிர்ப்பிரச்சினை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் இடத்தைப் பட்டியலிலிருந்து எடுப்பதாக இருந்தால், அதற்கு முன் ஆய்வறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்து, நாடாளுமன்றத்தில் முழு விவாதம் நடத்தி, வாக்கெடுக்க வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைக்கலாம் அல்லவா? எழுதிவைத்தால் அமைச்சர்கள் மாறினாலும் அது மாறாது.

ஒரு கட்டுமானம் இயற்கையை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராயும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கும் இதே கதைதான். மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதிக்கு அடியில், ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில், குறுக்குத் தீவு ரயில் பாதையைக் கொண்டுபோக 2019இல் முடிவெடுப்பதற்கு முன் பல ஆண்டுகள் ஆய்வு நடந்தது, இயற்கை ஆர்வலர்களின் பேச்சுக்கும் காது கொடுத்தார்கள். அதே நாட்டில்தான் 2021 தொடக்கத்தில், பல்லுயிர் ஆய்வு முடிவதற்குள்ளேயே, கிராஞ்சியில் காட்டின் ஒரு பகுதி தவறுதலாக வெட்டப்பட்டது தெரியவந்தது. மதிப்பீட்டுக்கென்று நம்மிடம் தனிச்சட்டம் இல்லை. வழிமுறைகள் இருக்கின்றன. வழிமுறையை ஒருவர் மறந்துபோனால் மரம் திரும்ப முளைக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

வீடு கட்ட நிலம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் மகனும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காகக் காத்திருப்பவன்தான், அம்மாவுக்குப் பறவைதான் முக்கியமா என்று சாப்பாட்டு மேசையில் கேலி செய்வான். எல்லாக் காட்டையும் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. தெங்காவில் காடு நகரமாகிறது, சரி. மண்டாயை விடக்கூடாது என்பதற்குக் காரணம், அது போனால் பக்கத்தில் சட்டம் காக்கும் சுங்கை பூலோவும் பாதி அர்த்தம் இழந்துவிடும் என்பதுதான்.

இன்னொன்று நம்மவர்களுக்கு. சட்டம் போட்டால் மட்டும் போதாது, நடக்கவும் வேண்டும். நீர்த்தேக்கப் பக்கம் காரை நிறுத்தி, குரங்குகளுக்கு வாழைப்பழமும் ரொட்டியும் போடும் குடும்பங்களை இன்னமும் பார்க்கிறேன். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். அந்தக் குரங்கு அடுத்த வாரம் யாரோ ஒரு பிள்ளையின் கையிலிருக்கும் பையைப் பிடுங்கும், பிறகு புகார் போகும். வனவிலங்குக்கு உணவு போட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுங்கள், கணக்கு அங்கேயும் ஏறும்.

அந்த அபராதத்தைக் கொண்டுவந்த, வனவிலங்குச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அமைச்சர் தாக்கல் செய்ததல்ல. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லூயிஸ் இங் முன்னின்று கொண்டுவந்த தனிநபர் மசோதா. ஆகவே உட்லண்ட்ஸ், செம்பவாங் வட்டார உறுப்பினர்களில் யாராவது ஒருவர் மனம் வைத்தாலும் இதை எழுப்பலாம். அதற்கு முன், மண்டாய் சேற்றுப்பரப்பை ஐந்தாவது வனப்பகுதியாக அட்டவணையில் சேர்க்கும் எண்ணம் உண்டா இல்லையா என்பதைத் தேசியப் பூங்காக் கழகம் இந்தப் பகுதியிலேயே தெரிவித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ்