புது முகவரிக்கு முதல் கடிதம்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, நடவு முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. காரில்தானே போகிறோம் என்று சும்மா இருந்துவிடாதே.

போன மாதம் நீ வாட்ஸப்பில் அனுப்பிய விலாசம் கிடைத்தது. "இனிமே இதுக்கு அனுப்புங்கப்பா" என்று ஒரு வரி. அதற்கப்புறம் போன் இல்லை. நாங்கள் கூப்பிட்டாலும் மீட்டிங் என்கிறாய். வேலை இருக்கும், தெரியும். விலாசத்தில் அபார்ட்மென்ட் நம்பர் ஒன்று இருக்கிறது. பழைய வீட்டுக்கு அது கிடையாது. பேருக்கு முன்னால் மறுபடி என் இன்ஷியல் வந்திருக்கிறது. முப்பத்தெட்டு வருஷம் விலாசம் படித்துச் சோறு தின்றவன் நான். ஆனாலும் அதைப் பற்றி எதுவும் கேட்கப் போவதில்லை.

மாப்பிள்ளைக்கென்று முருங்கைக்கீரைப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள் அம்மா. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று மட்டும் சொல்.

போன தடவை வந்தபோது நீ பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டுப் போன கடிதங்களைத்தான் தினமும் மதியம் படிக்கிறேன். "லிங்கன் ஜெயிச்ச 1860 எலெக்‌ஷன் பாதி தபால்லயே நடந்ததுப்பா, உங்களுக்குப் பிடிக்கும்" என்றாய். பிடித்துத்தான் இருக்கிறது. அரை அவுன்ஸுக்கு 3 சென்ட் என்று படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. இலவசமாக வீட்டுக்கே வந்து பட்டுவாடா பண்ணுவது அந்த ஊரில் 1863-ல்தான் ஆரம்பித்ததாமே. அதற்கு முன்னால் எல்லாரும் தபாலாபீசுக்கு வந்து நிற்க வேண்டியதுதான். லிங்கனே 1833-லிருந்து மூன்று வருஷம் நியூ சேலத்தில் போஸ்ட்மாஸ்டர். கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போய்க் கொடுப்பார் என்பார்கள். என் காலத்தில் அப்படிச் செய்திருந்தால் மெமோ வந்திருக்கும்.

அந்த மனுஷன் ஓஹாயோவில் இருந்த காலோவேக்கு மார்ச் 24-ம் தேதி எழுதினது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என் பேர் களத்துக்குப் புதுசு, நிறையப் பேருக்கு நான் முதல் விருப்பம் கிடையாது, அதனால் யார் மனசும் கோணாமல் நடந்துகொள்வோம், அவர்கள் தங்கள் முதல் காதலை விட வேண்டி வந்தால் நம் பக்கம் வருகிற மனநிலையில் இருக்கட்டும் என்கிறார். உன் அம்மாயி சம்பந்தம் பேசுகிற மாதிரியே இருக்கிறது. ஒரு மாதம் கழித்து டிரம்புலுக்கு எழுதும்போது, வாயில் கொஞ்சம் ருசி தட்டத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். அந்த டிரம்புல் யார்? 1855-ல் இல்லினாய் சட்டசபை ஓட்டெடுப்பில் ஐந்து ஓட்டில் ஆரம்பித்து, லிங்கன் விட்டுக்கொடுத்ததால் செனட்டர் ஆனவர். லிங்கன் மறந்துவிட்டார், வீட்டம்மா மறக்கவில்லை. தன் கல்யாணத்தில் தோழியாக நின்றவளோடு, அவள் டிரம்புல் பெண்டாட்டி என்பதால் பேச்சை விட்டுவிட்டாள். இதில் நம் குடும்பத்தில் யார் ஞாபகம் வருகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கான்சாஸ் டெலாஹேக்கு எழுதினதும் இருக்கிறது. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற சிகாகோ மாநாட்டுக்குப் பிரதிநிதியாக வந்தால் வழிச்செலவுக்கு 100 டாலர் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் பிரதிநிதியாகத் தேறவில்லை. அப்புறமும், பரவாயில்லை வா, செலவுக்குச் சொன்னது சொன்னதுதான் என்று எழுதுகிறார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மிணி, செலவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் தயங்காமல் கேள். டெபாசிட் ஒன்று தை மாதம் முடிகிறது. எதற்கு என்று கேட்க மாட்டேன்.

உன் அப்பத்தா கைநாட்டு. அவள் பேத்தி லிங்கன் கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள் என்று நான் சொல்லாத டீக்கடை இந்த ஊரில் இல்லை. ஆனால் அந்தப் பேத்திக்கு அப்பனுக்கு நாலு வரி எழுத நேரமில்லை. நூற்று அறுபத்தைந்து வருஷத்துக்கு முந்தின ஆட்களின் சங்கடமெல்லாம் தெரிகிறது உனக்கு. இருக்கட்டும். காதை மூடிக்கொள். ராத்திரி கதவை இரண்டு தடவை பார்.

வேட்பாளர் வாயே திறக்காமல் ஜெயித்தார் என்பதைத்தான் என்னால் முதலில் நம்ப முடியவில்லை. மாநாட்டுக்குக்கூடப் போகாமல் தன் ஊர் ஸ்பிரிங்ஃபீல்டிலேயே இருந்தார். மே 18-ம் தேதி மூன்றாவது சுற்றில் பேர் தேறிவிட்டது. அன்றிலிருந்து நவம்பர் 6 வரைக்கும் கூட்டத்தில் பேச்சுக் கிடையாது. உங்கள் கொள்கை என்ன என்று கேட்டு மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது. அவருடைய காரியதரிசி நிக்கொலே எல்லாருக்கும் ஒரே பதில் எழுதுகிறார்: அவர் கருத்தெல்லாம் ஊரறிந்தது, இப்போது அதை மாற்றித் தேர்தலைச் சிக்கலாக்கக் கூடாது. பதினொரு வயதுக் குழந்தை தாடி வளர்க்கச் சொல்லி எழுதினதற்குக்கூட மனுஷன் பிடி கொடுக்கவில்லை. திடீரென்று வளர்த்தால் பாசாங்கு என்று சொல்ல மாட்டார்களா என்று திருப்பிக் கேட்கிறார்.

கூட்டாளிகளுக்கு அந்தரங்கமாக எழுதுவதில்தான் ஆளே தெரிகிறார். குவின்சி வக்கீல் ஜோனஸுக்கு ஜூலை 21-ம் தேதி எழுதினதை நாலைந்து தடவை படித்தேன். வந்தேறிகளைப் பிடிக்காத அந்த 'நோ நத்திங்' கட்சி இருந்ததே, கேட்டால் எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லும் ரகசியக் கூட்டம், அவர்கள் மடத்துக்கு லிங்கன் போனதைப் பார்த்தேன் என்று ஒருத்தர் கிளப்பிவிட்டதாக ஜோனஸ் எழுதியிருக்கிறார். இவர் போகவில்லை. 1854-ல் அந்த ஊரில் பேசினேன், அப்புறம் நீங்களெல்லாம் என்னைச் சிப்பி சாப்பிடக் கூட்டிப் போனீர்கள், ராத்திரி ஹோட்டல் வாசல் வரை நீதான் வந்து விட்டாய் என்று கணக்குச் சொல்கிறார். பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார். நான் வெளிப்படையாக மறுத்தால் அந்தக் கட்சிக்காரர்களுக்கு வருத்தம் வரும், எதிரி எதிர்பார்ப்பதே அதுதான், அதனால் இதை நான் கண்டுகொண்டேன் என்பதே வெளியில் தெரியக் கூடாது.

பொய் சொல்லவில்லை. யாரையும் திட்டவில்லை. இந்தப் பக்கம் குடியேறி வந்த ஜெர்மன்காரர் ஓட்டும் போகக் கூடாது, அந்தப் பக்கம் இவர்கள் ஓட்டும் போகக் கூடாது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த வித்தை எனக்கும் தெரியும், அம்மிணி. எனக்குத் தெரியும் என்று உனக்குத்தான் தெரியாது.

உன் பிரிண்டில் கடைசியாக இருந்தது ஹோரஸ் கிரீலியின் கடிதம். பத்திரிகைக்காரர், நியூயார்க் செனட்டர் சீவார்டுக்கும் அவருடைய அரசியல் துணை தர்லோ வீட் என்பவருக்கும் பல வருஷக் கூட்டாளி. உங்களுக்காக இவ்வளவு உழைத்தேன், என்னை நீங்கள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, நம் மூன்று பேர் கம்பெனியிலிருந்து இளைய பங்காளி விலகிக்கொள்கிறேன் என்று 1854 நவம்பர் 11-ம் தேதி சீவார்டுக்கு எழுதுகிறார். சீவார்ட் அந்த மனத்தாங்கலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதத்தை உள்ளே வைத்துவிட்டார். ஆறு வருஷம் கழித்து சிகாகோ மாநாடு, லிங்கனுக்கு எதிராக சீவார்டும் நிற்கிறார். நியூயார்க் அணியில் இடம் கிடைக்காத கிரீலி, ஓரிகன் பிரதிநிதியாக வந்து உட்கார்ந்து, சீவார்ட் வேண்டாம் என்று ஒவ்வொருத்தரிடமும் பேசுகிறார். முதல் சுற்றில் சீவார்டுக்கு 173½, லிங்கனுக்கு 102. மூன்றாவதில் எல்லாம் தலைகீழ். கிரீலி ஒருத்தரால் வந்த தோல்வி கிடையாதுப்பா, பென்சில்வேனியாவும் இண்டியானாவும் சீவார்டைக் கண்டு பயந்தார்கள் என்று ஓரத்தில் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாய். சரி. எனக்கு ஓட்டுக் கணக்கு முக்கியமாகப் படவில்லை. ஆறு வருஷம் அந்தக் கடிதம் ஒரு பெட்டிக்குள் கிடந்ததே, அதுதான் முக்கியமாகப் பட்டது.

நம் பீரோவில் எல்.ஐ.சி. பாண்ட் ஃபைலுக்குள் ஒரு இன்லேண்ட் இருக்கிறது. பூனாவிலிருந்து, 2008 ஆவணி.

காலையில் தபால் பையைக் கொட்டும்போதே உன் கையெழுத்துத் தெரிந்தது. விலாசம் அம்மா பேருக்கு. முத்திரை குத்தினேன். குத்திவிட்டு, பட்டுவாடாக் கட்டில் சேர்க்காமல் சட்டைப் பையில் வைத்தேன். மதியம் ஆள் இல்லாதபோது பிரித்தேன். அடுத்தவர் பேருக்கு வந்ததை நான் பிரித்தது என் சர்வீஸில் அது ஒன்றுதான். போனில் பேச முடியவில்லை, பக்கத்திலேயே நிற்கிறார்கள் என்று முதல் வரி. மிச்சத்தை நான் திருப்பி எழுத மாட்டேன். நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை.

சின்னவளுக்கு அந்த மாதம்தான் பவானியில் பேசி முடித்திருந்தோம். அவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் பங்காளி. உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தால் அங்கே என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். இந்தப் பக்கமும் கோணக் கூடாது, அந்தப் பக்கமும் கோணக் கூடாது. நான் கண்டுகொண்டேன் என்பதே யாருக்கும் தெரியக் கூடாது. உனக்கு ஒரு கார்டு போட்டேன். "அம்மா உன் கடிதத்தைப் படித்தாள். அவளும் பொறுத்துப் போகச் சொல்கிறாள். இனி இப்படி எழுதி அவளை வருத்தாதே." கார்டில் எழுதினால் அந்த வீட்டிலும் யாராவது படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கார்டில் எழுதினேன்.

அம்மா படிக்கவில்லை. அப்படி ஒரு கடிதம் வந்ததே அவளுக்குத் தெரியாது.

நீ அதற்கப்புறம் அம்மாவிடம் சமையல், கோயில், விசேஷம் இவற்றைத் தவிர எதுவும் பேசியதில்லை. "பெரியவ எங்கிட்ட மனசு விட்டுப் பேசறதே இல்லைங்க" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஊர் பழகிவிட்டது, நம்மைத் தேடவில்லை என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் பதில் சொன்னேன். நிக்கொலே மாதிரி, எல்லாத் தடவையும் ஒரே பதில்.

நேற்றுக் காலை அந்த இன்லேண்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். பதினேழு வருஷம் கழித்துப் பட்டுவாடா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானம் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரியும் அப்படித்தான். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வந்து, "என் பாஸ்போர்ட் எங்கே வெச்சீங்க?" என்றாள். அது ஒன்றுதான் கேட்டாள். எடுத்துப் பார்த்தேன், 2027 வரைக்கும் செல்லும். நீ எட்டாம் தெரு மூலையில் லிங்கன் வீட்டைக் காட்டக் கூட்டிப் போன வருஷம் எடுத்தது.

எனக்குப் பதில் போட வேண்டாம். அம்மாவுக்குப் போடு. போனில் முடியாவிட்டால் தபாலில் போடு. இப்போது நான் அந்த ஆபீசில் இல்லை, நேராக அவள் கைக்குத்தான் வரும்.

முருங்கைப் பொடியை உன் பேருக்கே அனுப்புகிறேன். புது இடத்தில் எத்தனை அறை, படியேற வேண்டுமா என்று அம்மாவுக்கு எழுது. அவளுக்கு முழங்கால் இருக்கிறது.

அப்பா